பசையம்மா

என் மச்சினியை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு மாதம் பிடித்திருந்தது. அது அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த மாதம். அதற்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. நாற்பத்தொரு வயது, பாதித் தலை நரைத்துவிட்டது, பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம், இன்னும் பாப்பா. என் மனைவி போனில் "பாப்பா, சாப்ட்டியா?" என்று குழையும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறு பெயர். பசையம்மா. வைத்தவன் நான்.

நான் கேத் லேப் டெக்னீஷியன். இருபத்து நாலு வருஷ சர்வீஸ். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு துளை போட்டு, அதன் வழியே நூல் மாதிரி மெல்லிய டியூபை ரத்தக் குழாய்க்குள் ஓட்டி, உள்ளே எங்கே ரத்தம் ஒழுகுகிறதோ அங்கே போய் அடைப்பதுதான் எங்கள் அறையின் வேலை. ஓட்டுவது டாக்டர். அவர் கண் எக்ஸ்ரே ஓடுகிற திரையை விட்டு அகலாது. கையை நீட்டினால் அதில் என்ன இருக்க வேண்டுமோ அது இருக்கும். அதற்குத்தான் நான். எங்கள் பெரிய டாக்டர் வாயைத் திறந்து என்னிடம் எதையும் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. அந்த அறையில் நான் ஒரு ஆள் இல்லை, அவருடைய மூன்றாவது கை. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடைப்பதற்கு நாங்கள் காயில் என்கிற சுருள் போடுவோம். தலைமுடி அளவு பிளாட்டினக் கம்பி. டியூபுக்குள் நேராகப் போகும், குழாய்க்குள் விழுந்ததும் சுருண்டுகொள்ளும், அந்தச் சுருளைச் சுற்றி ரத்தம் உறைந்து ஒழுக்கு நிற்கும். இதில் ஒரே ஒரு சங்கடம். காயில் தானாக எதையும் அடைக்காது, நோயாளியின் ரத்தம் உறைந்தால்தான் உண்டு. ஈரல் கெட்டவர்களுக்கு ரத்தம் உறையாது. காயில் உள்ளே அழகாகச் சுருண்டு கிடக்கும், ரத்தம் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஐந்து பேர் அந்த மேஜையிலேயே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் பாப்பா மூக்கை நுழைத்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக் கட்டடத்தில் ஒன்பது வருஷமாக எதையோ கலக்கிக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒரு ஜெல் செய்து கொண்டுவந்தாள். சிரிஞ்சில் வைத்து அழுத்தினால் டூத்பேஸ்ட் மாதிரி டியூபுக்குள் ஓடும். வெளியே வந்து ரத்தத்தில் இருக்கும் உப்பு பட்டதும், குழாய் என்ன வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கெட்டியாகிவிடும். நோயாளியின் ரத்தம் உறைய வேண்டிய அவசியமே இல்லை. பத்துப் பேருக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. எங்கள் அறையில், என் மேஜையில்.

முதல் நாள் வந்ததும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டினாள். பதினோரு கட்டளைகள். எல்லாமே உப்பைப் பற்றி. "மேஜையில் சலைன் கிண்ணம் வைக்கக் கூடாது. டியூபைச் சலைனால் கழுவக் கூடாது. குளுக்கோஸ் தண்ணீரால் மட்டுமே கழுவ வேண்டும்." சலைன் என்பது உப்புத் தண்ணீர். அது டியூபுக்குள் ஒரு சொட்டு இருந்தாலும் ஜெல் உள்ளேயே கட்டிப்போய் வழியை அடைத்துவிடும். கேத் லேப் என்றால் சலைன், சலைன் என்றால் கேத் லேப். மீனிடம் போய்த் தண்ணீரில்லாமல் நீந்து என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"டெக்னீஷியன், இத முழுசாப் படிச்சிட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

டெக்னீஷியன்! போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து "மாமா, அந்த ஃபேன கொஞ்சம் வேகமா வைங்க" என்றவள்.

"எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன் மேடம்," என்றேன். நர்ஸ் சிரித்தாள். பாப்பாவின் காது சிவந்தது. அன்று முழுக்க எனக்கு மனசு குளிர்ந்துகிடந்தது.

முதல் மூன்று கேஸ்களுக்கு அவளே கவுனும் கையுறையும் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் டியூபைக் குளுக்கோஸால் கழுவுவேன், அவள் ஜெல் சிரிஞ்சைத் தன் கையாலேயே மாட்டி டாக்டரிடம் கொடுப்பாள். என் இடத்தில் நின்று, என் டாக்டரின் கையில்! மூன்றும் நன்றாகத்தான் போயின. நாலு நிமிஷத்தில் ஒழுக்கு நின்றுவிட்டது. பெரிய டாக்டர் முகமூடிக்குள் விசிலடித்தார். இருபத்து நாலு வருஷத்தில் எனக்காக அவர் விசிலடித்ததில்லை.

மூன்றாவது கேஸ் முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன். "மேடம் பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது சார். இடிச்சுக்கிட்டே இருக்காங்க. ஸ்டெரைல் போயிடுமோன்னு பயமா இருக்கு." ஸ்டெரைல் என்றால் கிருமி படாத சுத்தம்; அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த டாக்டரும் யோசிப்பார். பாப்பா எங்கும் இடிக்கவில்லை. ஒதுங்கித்தான் நின்றாள். மறுவாரத்திலிருந்து அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள்.

நாலாவது கேஸ் அன்று நான் பல் பிடுங்கிக்கொண்டு லீவில் இருந்தேன். வேறொரு டெக்னீஷியன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆனவன், சுவரிலிருந்த தாளை வரி வரியாகப் பார்த்துச் செய்தானாம். நன்றாகப் போனது.

ஐந்தாவது கேஸில் நான் இருந்தேன். ஜெல் அடைத்துக்கொண்டது. பெரிய டாக்டர் கட்டைவிரல் வெளுக்க அழுத்தினார், நகரவில்லை. டியூபை உருவிவிட்டு, வேறொன்றை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்த நோயாளிக்கு ஒழுக்கு சின்னது, தப்பித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் பாப்பாவின் குரல் வந்தது.

"சலைன் யாராவது தொட்டீங்களா?"

"இங்க சலைன் கிண்ணமே இல்ல மேடம். கண்ணாடிய நல்லாத் தொடைச்சிட்டுப் பாருங்க," என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆறாவது கேஸ் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு மனிதர். நாற்பத்து நாலு வயது. சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலையில் ஈரல் கெட்டுப்போனவர், குடியெல்லாம் கிடையாது. வயிற்றுக்குள் ஒரு குழாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் இரண்டு முறை காயில் போட்டும் நிற்கவில்லை. மேஜையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சார், வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். ஓட்டத் தெரியாது என்றேன். "நான் நல்லானதும் வாங்க, ஒரே மாசத்துல பழக்கிடுறேன்," என்றார்.

ஜெல் அடைத்துக்கொண்டது. டாக்டர் டியூபை உருவினார். அந்தக் குழாய் திருகித் திருகிப் போகிற குழாய். முதல் முறை போய்ச்சேரவே அரை மணி நேரம் பிடித்திருந்தது. இரண்டாவது டியூபை ஓட்டிக்கொண்டிருந்த முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

வெளியே அவருடைய மனைவி நின்றிருந்தார். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருப்பவர். செய்தி கேட்டு அப்படியே ஓடிவந்ததில் அளவெடுக்கிற டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் பாதி அந்த அம்மாவுக்கு ஏறவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க உள்ள இருந்தீங்கல்ல? என்ன சார் ஆச்சு?"

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"எங்க கையில ஒரு தப்பும் இல்லம்மா. புதுசா ஒரு ஜெல்லு. சோதனை பண்ணிப் பாக்குறாங்க. அதுதான் டியூபுலயே அடைச்சுக்கிச்சு."

"சோதனையா? இவர வெச்சா?"

"கையெழுத்து வாங்கியிருப்பாங்களே."

"பொழைக்க வைக்கிற மருந்துன்னுதான சொன்னாங்க! யாரு சார் அதப் பண்ணது?"

பாப்பா அப்போது எதிர்ப்பக்கப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். "அதோ போறாங்க பாருங்க, அவங்கதான்."

சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு மனிதர் செத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மா படிக்கட்டுக்கு ஓடி, பாப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்தில் துப்பினார். பாப்பா துடைக்கக்கூட இல்லை. ஏதோ கணக்குப் புரியாதவள் மாதிரி அப்படியே நின்றாள். நான் உள்ளே போய் மேஜையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன்.

புகார் போனது. விசாரணைக் குழு போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கூடி, சோதனையைத் தொடர்வதா அடியோடு மூடுவதா என்று முடிவு செய்வார்கள். மூடிவிடுவார்கள் என்று எல்லாருமே பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருஷப் பசை ஒரே வெள்ளிக்கிழமையில் காய்ந்துவிடும் என்று நானும் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வா பாப்பா," என்றாள் என் மனைவி.

"வரலக்கா. மாமாகிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன்." என்னைப் பார்த்தாள். "நான் பக்கத்துல நின்ன மூணும் நல்லாப் போச்சு. நீங்க லீவு போட்ட அன்னைக்கு நல்லாப் போச்சு. நீங்க நின்ன ரெண்டும் அடைச்சுக்கிச்சு. வேணும்னே பண்ணீங்களா?"

"என்னடி சொல்ற?" என்று என் மனைவி பதறினாள்.

"நீ சும்மா இரு அக்கா. அவர் சொல்லட்டும்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "நான் கொலகாரன்னு சொல்றியா? என் மேஜையில படுத்த ஆள நானே கொல்லுவேனா? உன் பசை உதவாத பசை. ஒத்துக்க வாய் வரல, பழிய என் தலையில கட்டப் பாக்குற. வெளிய போ!"

"சத்தம் போட்டா பதில் ஆயிடாது மாமா."

"போடீ வெளிய!"

போய்விட்டாள். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி தட்டை என் முன்னால் வைக்கும்போது மட்டும், "இருவது வருஷத்துல நீங்க யாரையும் போடின்னு சொன்னதில்ல," என்றாள்.

நான் வேண்டுமென்றே செய்யவில்லை. அது சத்தியம். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்தக் கோபத்திலேயே வேலை பார்த்தேன். அவள் சொன்ன கணக்கு மட்டும் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மூன்று, லீவு போட்ட ஒன்று, நான் நின்ற இரண்டு.

புதன்கிழமை காலையில் ஒரு சாதாரண காயில் கேஸ். டியூபுக்கு வழிகாட்டும் வயரை டாக்டர் உருவினார். சிரிஞ்சு மாட்டுகிற, டியூபின் பின்வாயைக் கழுவினேன். அடுத்ததை மாட்டுவதற்கு முன் அந்த வாயை ஒரு துடை துடைத்தேன். துடைத்துவிட்டுத் துணியைக் கீழே வைக்கும்போதுதான் என் கை என் கண்ணில் பட்டது.

காஸ் துணி. காயத்துக்கு வைத்துக் கட்டுகிற வலை மாதிரித் துணி. கேஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே, எதையும் பிரிப்பதற்கு முன்பே, நாலைந்து காஸ் துணிகளைச் சலைனில் நனைத்துப் பிழிந்து இடது கைப் பக்கம் வைத்துவிடுவது என் வழக்கம். வயர் வெளியே வந்தால் துடைப்பேன், டியூபின் வாயில் ரத்தம் இருந்தால் துடைப்பேன், இல்லாவிட்டாலும் துடைப்பேன். எனக்குப் பழக்கிவிட்டவர் அப்படித்தான் பழக்கினார். இருபத்து நாலு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு முறை, ஐந்தாவது, ஆறாவது ஜெல் கேஸிலும். சுவரில் இருந்த பதினோரு கட்டளையில் கிண்ணம் இருந்தது, சிரிஞ்சு இருந்தது, பாட்டில் இருந்தது. துணி இல்லை. அவள் நின்ற மூன்று கேஸிலும் கழுவின கையோடு அவளே சிரிஞ்சை மாட்டிவிட்டதால் துடைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. எட்டு மாத சர்வீஸ் பையனுக்கு இன்னும் அந்தக் கைப்பழக்கம் வரவில்லை.

மதியம் அறை காலியானதும் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டேன். பயிற்சிக்கென்று பாப்பா வைத்துவிட்டுப் போன ஜெல் சிரிஞ்சுகள் அலமாரியில் இருந்தன. ஒரு பழைய டியூபை எடுத்துக் குளுக்கோஸால் கழுவி, துடைக்காமல் ஜெல்லை மாட்டி அழுத்தினேன். மறுமுனையில் வெள்ளை நூலாக வழுவழுவென்று வந்து விழுந்தது. இன்னொரு டியூபைக் கழுவினேன், வாயை ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தேன், மாட்டி அழுத்தினேன். ஒரு விரற்கடை போனது, நின்றது. எவ்வளவு அழுத்தியும் நகரவில்லை. மறுபடி துடைக்காமல், மறுபடி துடைத்து, மறுபடி. ஆறு டியூப் ஆயிற்று. பிளேடால் அறுத்துப் பார்த்தபோது டியூபின் வாயிலேயே கல் உப்பு அளவில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது.

அந்த மேஜையில் சாய்ந்துகொண்டு அழுதேன். செத்தவருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் மனதில் வந்தது அவர் இல்லை. அவள் சொன்னது சரியாகிவிட்டதே என்பதுதான் வந்தது.

யாருக்கும் தெரியாது. டாக்டரின் கண் திரையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் முதுகுதான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஜெல் மூடப்படும், பாப்பா தலைகுனிந்து போவாள், நான் என் இடத்தில் இருப்பேன். அடுத்த முறை ஈரல் கெட்ட ஒருவர் அந்த மேஜையில் படுப்பார், நாங்கள் காயில் போடுவோம், ஒழுகிக்கொண்டே இருக்கும், நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். வாயைத் திறந்தால் அந்த அறைக்குள் இனி என்னை விடமாட்டார்கள்.

ஒரு நாள் முழுக்க ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பின்கட்டடத்துக்குப் போனேன். அவள் அறைக்குள் நான் நுழைவது அதுதான் முதல் தடவை. அட்டைப் பெட்டிகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பாத்து சந்தோஷப்பட்டுட்டுப் போக வந்தீங்களா?"

அறுத்த டியூபை மேஜையில் வைத்தேன். துணியைச் சொன்னேன். ஆறு டியூபையும் சொன்னேன். அவள் லென்ஸை எடுத்து அந்தக் கட்டியை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"பன்னெண்டாவது வரி. காஸ் துணியும் குளுக்கோஸ்லதான் நனைக்கணும். இது என் தப்பு. அறைக்குள்ள ஈரமா என்னெல்லாம் இருக்குன்னு நான் பாத்திருக்கணும். துணி என் கண்ணுல படல."

"உன் தப்பா? தொடைச்சது நான்!"

"நீங்க எப்பவும் தொடைக்கிறதுதான் மாமா. பைப்பு ஒழுகுனா பைப்பையா திட்டுவாங்க?"

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். தப்புப் பண்ணக்கூட எனக்குத் தகுதி இல்லையாம். "பைப்பா நான்? உன்னை அந்த மேஜையிலேர்ந்து விரட்டுனதே நான்தான். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். நீ இடிக்கிறன்னு சொன்னேன். நீ நின்னிருந்தா அவர் செத்திருக்க மாட்டாரு. இதையும் உன் நோட்டுல எழுது!"

அவள் பேனா நின்றது. முதல் முறையாக முகத்தில் ரத்தம் ஏறியது.

"அந்தம்மாகிட்ட யாரு என்னைக் காட்டுனது?"

நான் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"ஏன் துப்புறாங்கன்னுகூட எனக்குத் தெரியல மாமா. வீட்டுக்குப் போய்க் கழுவுனேன், கழுவுனேன், போகவே இல்ல." குரல் உடைந்ததை இருமி மறைத்துக்கொண்டாள். "போங்க. நாளைக்கு அங்க வந்து என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சொல்லாட்டியும் போங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள். நீலம் என்றேன். இஸ்திரி போட்டு வைத்தாள்.

குழு கூடிய அறையில் ஒரு நீள மேஜை. தலைவராக ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அதற்கு மேலாகப் பார்த்தார். பெரிய டாக்டர் ஒரு பக்கம். பாப்பா ஒரு பக்கம். புகார் கொடுத்தவர் என்பதால் தையல்காரம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள், கதவோரமாக உட்கார்ந்திருந்தார். பாப்பாவை ஒரு முறைகூட அவர் பார்க்கவில்லை. நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தன் பக்கத்து ஆள் வந்துவிட்டான் என்கிற தலையசைப்பு அது.

"நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க," என்றார் தலைவர்.

நின்றபடியே சொன்னேன். துணியைச் சொன்னேன். ஆறு டியூபைச் சொன்னேன். பாப்பாவை மேஜையிலிருந்து நகர்த்த நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். பெரிய டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு தையல்காரம்மாவின் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட நான் அந்த ஜெல்லுதான் காரணம்னு சொன்னேன். ரெண்டு தடவ காயில் போட்டும் நிக்கல, அவருக்கு அத விட்டா வேற வழியே இல்லைங்கறத வேணும்னே சொல்லாம விட்டேன். இவங்கள எனக்குப் பிடிக்காது. அதனாலதான் கையக் காட்டுனேன்," என்றேன்.

அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தையல்காரம்மா எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" தலைவரிடம்தான் கேட்டார். "அந்தத் துணியால தொடைக்காம இருந்திருந்தா, அவர் பொழைச்சிருப்பாரா?"

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்படிக் குறிப்பாச் சொல்ல முடியாதும்மா. ஈரல் ஏற்கெனவே ரொம்ப மோசமா இருந்துது. ரத்தமும் நிறையப் போயிருந்துது. பல விஷயம் இருக்கு…"

"ஆமா, பல காரணம் இருக்கலாம்," என்றார் தலைவர், என்னைப் பார்க்காமல்.

எனக்காகத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கத் தயாராக இருந்தேன். பல விஷயம், பல காரணம். தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.

"பொழைச்சிருப்பாரு," என்றாள் பாப்பா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தையல்காரம்மாவை மட்டும் பார்த்தாள்.

"டியூப் சரியான எடத்துல போய் நின்னுடுச்சு. ஜெல் வெளிய வந்திருந்தா நாலு நிமிஷம். அன்னைக்குப் பொழைச்சிருப்பாரு. அதுக்கப்புறம் ஈரல் எத்தனை நாள் விட்டிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு வீட்டு நெனப்போட கண் முழிச்சிருப்பாரு."

இப்படி ஒரு பெண் இருப்பாளா? நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கொஞ்சம் மூடிவைத்ததை ஒரே இழுப்பில் திறந்துபோட்டுவிட்டாள். அந்த நிமிஷத்தில் அவளை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதும் அதே நிமிஷத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

தையல்காரம்மா அழவில்லை. பாப்பாவை முதல் முறையாக நேராகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். ஒரு கை தூரத்தில் நின்றார். துப்பட்டும் என்று நினைத்தேன். துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை இஞ்ச் சார்?"

புரியாமல் கண்ணைத் திறந்தேன்.

"அந்தத் துணி. எவ்வளவு பெரிசு இருக்கும்?"

"நாலுக்கு நாலு."

"மடிச்சதா, பிரிச்சதா?"

"பிரிச்சது நாலுக்கு நாலு. மடிச்சா…" வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். "மடிச்சா இவ்வளவுதாம்மா."

அவர் என் விரல்களுக்கு நடுவிலிருந்த அந்த இடத்தைப் பார்த்தார். தைக்கிறவர் பார்க்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்தார். "இவ்வளவுதானா," என்றார். திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

தலைவர் ஏதோ எழுதச் சொன்னார், பெரிய டாக்டர் எழுந்து வெளியே போனார், பாப்பா என்னைப் பார்க்காமல் தன் காகிதங்களை அடுக்கினாள். நான் விரித்துக் காட்டிய விரல்களை இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.